ஸ்டர்கில் வீட்டுப் பிடில்காரிகள்

கேனி ஓடை, வர்ஜீனியா
11 மார்ச் 1956

ஜெல்லா,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

நாஷ்வில் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று ஹோபர்ட்டுக்கு அட்டை போட்டிருக்கிறாய். அத்தான் பெயர் நினைவிருக்கிறது, அக்கா பெயர் மறந்துவிட்டது போலிருக்கிறது. போகும்போது அப்பாவின் பிடிலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். எனக்கென்று விட்டுவைத்திருப்பது கழுத்தில் விரிசல் விட்ட அந்த இன்னொன்று. அதுவும் மழைக்காலத்தில் சுருதி நிற்காது. பரவாயில்லை. மாட்டுக்கு வாசித்துக் காட்ட அது போதும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாசித்தோம். கைதட்டல் இரண்டு பேருக்கும்தான். வெண்டல் ப்ரயார் தன் குழுவுக்குப் பிடில் ஆள் தேடி மேடைக்கே ஏறி வந்தார். வந்தவர் என்ன கேட்டார்? “ரெண்டு பேர்ல யாரும்மா கல்யாணம் ஆகாதவ?” யார் நன்றாக வாசிப்பவள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உடனே கையைத் தூக்கினாய், வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்ட மாதிரி.

‘ப்ரயார் பையன்கள்’ என்று பெயர் வைத்த கூட்டத்தில் பாவாடை கட்டிய ஒரே பையன் நீதான். நன்றாக இரு.

வெஸ்டா

---

நாஷ்வில், டென்னசி
3 ஜூன் 1956

அக்கா,

நான் கையைத் தூக்கினேன். நீயும் தூக்கியிருக்கலாம். கல்யாணம் ஆனவர்களுக்குக் கை இல்லையா? ஹோபர்ட் அத்தான் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்த்தாய், பிறகு தரையைப் பார்த்தாய். அந்த இடைவெளியில்தான் என் கை மேலே போனது. அதற்கு என்னைத் திட்டாதே.

இங்கே ஏதோ பஞ்சு மெத்தையில் படுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். ஒரு காரில் ஆறு பேர். மேலே பெரிய பாஸ் பிடிலைப் படுதா சுற்றிக் கட்டியிருக்கும். உட்கார்ந்தபடியே தூங்குகிறோம். பெட்ரோல் பங்கு கழிப்பறையில்தான் உடை மாற்றுகிறேன். முதல் நாள் சும்மா ஒரு உதவி என்று ஐந்து பேர் சட்டைக்கும் இஸ்திரி போட்டேன், இப்போது அது என் வேலை ஆகிவிட்டது. பாஞ்சோக்காரர் எல்மோ, “கஞ்சி கொஞ்சம் கூடப் போடும்மா” என்கிறார்.

நாக்ஸ்வில்லில் ஒருத்தன் எழுந்து நின்று கத்தினான்: “பொம்பள பிடில் தேய்க்கிறதைப் பார்க்கவா காசு குடுத்தோம்? பாட்டைப் பாடச் சொல்லுய்யா!” ப்ரயார் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேகத்தை ஏற்றிவிட்டேன். எல்மோ விரல் தடுமாறித் திணறினார். கத்தியவன் எப்போது உட்கார்ந்தான் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். ப்ரயார் பாடப்போகிறார். சனிக்கிழமை சாயங்கால ரேடியோவில் வரும். கேள்.

ஜெல்லா

---

கேனி ஓடை
14 அக்டோபர் 1956

ஜெல்லா,

கேட்டேன். நான் மட்டுமா கேட்டேன்? இந்தப் பள்ளத்தாக்கில் ரேடியோ இல்லாதவர்கள் எல்லோரும் என் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் சோள ரொட்டியைத் தின்றுகொண்டே உன்னைப் புகழ்ந்தார்கள். மேல்வீட்டு ஐடா மல்லின்ஸ் என் தோளைத் தட்டி, “ஏன் வெஸ்டா, ஒரு காலத்துல நீயும் ஏதோ கொஞ்சம் வாசிப்பியே?” என்றாள். ஏதோ. கொஞ்சம். ரொட்டித் தட்டை அவள் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பெருந்தன்மை.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். ‘உன் சட்டையில் என் வீட்டுப் புகை.’ அது யார் சொன்ன வார்த்தை? மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், ஹோபர்ட் டெட்ராய்ட்டுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பினபோது, இதே வாசலில் நின்று நான் அவரிடம் சொன்னது. “எங்க போனாலும் உங்க சட்டையில என் வீட்டுப் புகை இருக்கும்.” நீ கிணற்றடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாய். என் புருஷனிடம் நான் சொன்னதை இப்போது ஊர் உலகத்துக்கே ப்ரயார் மூக்கால் பாடிக் காட்டுகிறார். ஹோபர்ட் எழுந்து வெளியே போய்விட்டார்.

அது போதாதென்று, இரண்டாவது சுற்றில் கீழிருந்து இழுத்து மேல் ஸ்வரத்தில் கொண்டுபோய் வைக்கிறாயே, அந்த இழுப்பும் என்னுடையது.

நீ அனுப்பின புகைப்படத்தை ஹோபர்ட் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டார். எப்போது பார்த்தாலும் நீ என் பீன்ஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

வெஸ்டா

---

நாஷ்வில்
6 ஜனவரி 1957

அக்கா,

ஆமாம், எடுத்தேன். நீ சொன்னாய், சொன்ன கையோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் அந்த வார்த்தையை வாளித் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். என்ன மெட்டில் அது உட்காரும், அதற்கு முன்னால் எந்த வரி வரவேண்டும், எந்த இடத்தில் பிடில் வாயை மூட வேண்டும் என்றெல்லாம் யோசித்தது நான். உனக்குத் தெரிந்தது ஒரு வரி. பாட்டு என்னுடையது.

இழுப்பும் உன்னுடையதாம். சரி, வைத்துக்கொள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து இழு.

எழுதாதே. நானும் எழுதவில்லை.

ஜெல்லா

---

நாஷ்வில், பொது மருத்துவமனை
15 டிசம்பர் 1957

வெஸ்டாக்கா,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

பிரிஸ்டலிலிருந்து திரும்பும்போது பாலத்தின் மேல் உறைந்திருந்த பனியில் கார் வழுக்கிவிட்டது. யாரும் சாகவில்லை. எல்மோவுக்கு விலா எலும்பு, ப்ரயாருக்கு நெற்றியில் தையல். எனக்கு இடது மணிக்கட்டு. கட்டுப்போட்டிருக்கிறார்கள். சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. “பொறுத்துப் பார்க்கலாம்மா” என்கிறார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்தால் பொறுக்கிற முகமாக இல்லை. அப்பாவின் பிடிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மடியில் அணைத்துக்கொண்டு கையைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரியில் ரிகார்டிங். நான்கு பாட்டு, நான்கும் நான் எழுதியது. நாளைத் தள்ளிப்போட கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் வாசிக்கிற ஒரு ஸ்டூடியோ ஆளைப் பிடித்துவிடலாம் என்று ப்ரயார் சொல்கிறார். அந்த ஆள் ஒருநாள் என் இடத்தில் நின்றுவிட்டால் அந்த இடம் எனக்குத் திரும்பி வராது. இந்த ஊரை எனக்குத் தெரியும்.

நீ வந்து வாசிக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டில் என் பெயர்தான் இருக்கும். குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். ப்ரயாருக்கு யார் பெயர் என்பது பிரச்சினை இல்லை, பிடில் பிடிலாக இருந்தால் போதும். நான் வாசிப்பதைப் போலவே வாசிக்க உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். அவளோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வா அக்கா.

ஜெல்லா

---

கேனி ஓடை
21 டிசம்பர் 1957

ஜெல்லா,

நீ வாசிப்பதைப் போல நான் வாசிக்க வேண்டுமா? உன் வாயில் இந்த வார்த்தை எப்படி வந்தது? பத்து வயதில் என் முழங்கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள் நீ.

கடைசியில் உனக்கு என் கை வேண்டும், முகம் வேண்டாம்.

ஹோபர்ட் போகவேண்டாம் என்கிறார். ஐடா மல்லின்ஸ் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், அவளுக்கு நாஷ்வில்லிலிருந்து ஏதாவது வாங்கிவர வேண்டுமாம்.

புதுவருஷம் கழிந்த வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். என் தலையணையை நானே கொண்டுவருவேன். பாட்டு நான்கையும் முன்கூட்டி அனுப்பு. அப்பாவின் பிடிலில்தான் வாசிப்பேன். அதில் பேரம் கிடையாது.

கையைத் தண்ணீரில் நனைக்காதே.

வெஸ்டா

---

நாஷ்வில்
9 மார்ச் 1958

அக்கா,

தட்டு வந்துவிட்டது. ஒன்று அனுப்பியிருக்கிறேன். ‘பிடில்: ஜெல்லா ஸ்டர்கில்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தெருவில் போகமுடியவில்லை. ரேடியோக்காரர்கள் எல்லாம் பின்பக்கத்துப் பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள், ‘ரயில் நிற்காத ஊர்’. அதில் ப்ரயார் பாடி முடித்ததும் நடுவில் வருகிற பிடிலுக்காக. அந்த நடுப்பகுதியை நான் எழுதி அனுப்பினேனே, அது எங்கே? நீ வாசித்தது அது இல்லை.

அன்றைக்கு ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று பாட்டும் அச்சு அசலாக நான்தான். எனக்கே வேர்த்தது. நான்காவதில் நீ கண்ணை மூடினாய். வில் பாதிக் கம்பியில் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒரு பெண்பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது போல ஒரு ஸ்வரத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தாய். ப்ரயார் அடுத்த அடியைப் பாட வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். எல்மோ உடைந்த விலாவோடு குனிந்து, “யம்மாடி” என்றார். என்னைப் பார்த்து ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

நேற்று ஒரு வயலின்காரர், பெரிய ஆள், கையைக் குலுக்கி, “இத்தனை நாள் இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?” என்று கேட்டார். நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

என்னைப் போல வாசி என்றுதான் கூப்பிட்டேன். நீ வேண்டுமென்றே நன்றாக வாசித்துவிட்டாய்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் இரண்டும் மடங்கவில்லை. இனி மடங்காது. பாவம் என்று மட்டும் எழுதாதே. அதைத் தாங்க மாட்டேன்.

ஜெல்லா

---

கேனி ஓடை
23 மார்ச் 1958

ஜெல்லா,

பாவம் என்று எழுதவில்லை. இந்த மூன்று நாளில் அழுததையும் எழுதப்போவதில்லை.

வேண்டுமென்றேதான் வாசித்தேன். முதல் மூன்று பாட்டு உனக்குக் கொடுத்தேன். நான்காவதை எனக்கு எடுத்துக்கொண்டேன். பெயர் இல்லாமல் ஒருத்தி இருந்துவிட்டுப் போகலாம். சத்தம் இல்லாமலுமா போவது?

ஒரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை ப்ரயார் இங்கே வந்தார். அவ்வளவு நீளக் கார் இந்த ஓடைப் பாதையில் ஏறாமல், கீழேயே விட்டுவிட்டுப் பளபளக்கிற பூட்ஸில் சேறு மிதித்து வந்தார். என் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு தட்டு பீன்ஸ் தின்றார். “ஜெல்லா இடத்துக்கு நீங்க வரணும் வெஸ்டாம்மா” என்றார்.

நான், “நான் கல்யாணம் ஆனவளாச்சே?” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நன்றாக இருந்தது, ஜெல்லா. இரண்டு வருஷமாக அதைக் கேட்கக் காத்திருந்தேன்.

ஹோபர்ட் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, “போயிட்டு வா வெஸ்டா. அடுப்புக்கு மேல இருக்கிற போட்டோவை நீ முறைக்கிறதை நானும்தான் பார்த்துக்கிட்டே இருக்கேன். டெட்ராய்ட்ல நான் ரெண்டு வருஷம் தனியா சமைச்சுச் சாப்பிடலையா?” என்றார். அன்றைக்கு மண்டபத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதே மனிதர். நான்தான் அவரிடம் கேட்காமலே தரையைப் பார்த்திருக்கிறேன்.

ப்ரயாரிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். வந்தால் என் பெயரில் வருவேன். இரண்டாவது, ஜெல்லா சொல்லாமல் வரமாட்டேன்.

ஆகவே நீ சொல். வா என்றால் வருகிறேன். வராதே என்றால் வரமாட்டேன். ஆனால் வராதே என்று சொன்னால், நீ செத்தாலும் உன் வீட்டுக்கு அழவரமாட்டேன்.

வெஸ்டா

---

நாஷ்வில்
28 மார்ச் 1958

வராதே.

ஜெல்லா

---

நாஷ்வில்
2 ஏப்ரல் 1958

அக்கா,

முந்தின கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அப்பாவின் பிடிலைக் கையில் எடுத்தேன். கம்பியை அழுத்த மிச்சமிருக்கிற இரண்டு விரலில் வாசித்துப் பார்த்தேன். தினமும் பார்த்தேன். இரண்டு விரலில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. பிறகு அதைத் துடைத்து, கம்பியைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி ப்ரயாரிடம் இருக்கிறது. அது உனக்கு.

வா.

நேற்று ரேடியோ நிலையத்தில் மைக்குக்கு முன்னால் நின்று, ‘ரயில் நிற்காத ஊர்’ தட்டில் வாசித்தது என் அக்கா வெஸ்டா ஸ்டர்கில் என்று சொல்லிவிட்டேன். ப்ரயார் கையைப் பிசைந்தார். அறிவிப்பாளர், “என்னம்மா விளையாடுறீங்களா?” என்றார். நான் விரல் மடங்காத கையைத் தூக்கிக் காட்டினேன்.

சில விஷயம் தெரிந்துகொள். ப்ரயார் சந்தோஷமாக இருந்தால் பாடும்போது தாளத்தை விட்டு ஓடுவார். நீ ஓடாதே, அவரே திரும்பி வருவார். எல்மோவுக்குச் சாயங்காலத்துக்கு முன்னால் யாரும் சாராய பாட்டில் கொடுக்காமல் பார்த்துக்கொள். மைக்குக்கு உன் வலது தோளைக் கொடுத்து நில், இல்லாவிட்டால் வில் சத்தம் மட்டும்தான் கேட்கும். முக்கியமாக, முதல் நாளே எவன் சட்டையையும் தொடாதே.

நீ வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். நீ அந்த இடத்தில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. அப்பாவின் பழைய வீட்டுக்குப் போய் இருக்கப்போகிறேன். பென்சில் பிடிக்கிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜெல்லா

---

சாலையில், செயின்ட் லூயிஸ் பக்கம்
7 செப்டம்பர் 1958

ஜெல்லா,

காரில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

நான் நினைத்தது வேறு. மேடையில் நின்றால் போதும், வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்தேன். நேற்றுச் சந்தைத் திடலில் நல்ல கூட்டம். என் உயிரைக் கொடுத்து வாசித்தேன். கைதட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு ப்ரயார், “அடுத்து ஜெல்லா ஸ்டர்கில் எழுதின பாட்டு” என்றார். வாசிக்க ஆரம்பிக்கவேயில்லை, அதற்குள் எழுந்து நின்று விசிலடிக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். என் வாசிப்பைப் புகழப்போகிறாள் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. “அந்தப் பாட்டெல்லாம் எழுதின அக்காகிட்ட சொல்லுங்க, என் வீட்டுல நடந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு” என்றாள்.

சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு வரி எழுத வராது. முயன்று பார்த்தேன். ‘உன் சட்டையில் என் வீட்டுப் புகை’யை ஒரு பேச்சாகச் சொன்னது நான், அதைப் பாட்டாக்கியது நீதான் என்று இப்போதுதான் ஒத்துக்கொள்ள வருகிறது. அதுவும் செயின்ட் லூயிஸ் தூரத்திலிருந்து.

கையில் இருப்பது பழைய பாட்டு. ப்ரயார் புதுசு கேட்கிறார். நான் கேட்கவில்லை, ப்ரயார் கேட்கிறார். ஏதாவது இருக்கிறதா?

ஹோபர்ட் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

வெஸ்டா

---

கேனி ஓடை
16 நவம்பர் 1958

வெஸ்டாக்கா,

அத்தான் நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாப்பிடுவார். என் சமையல் உன் சமையல் மாதிரி இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போவார். ஐடா மல்லின்ஸ் தன் மகளுக்குப் பாட்டு எழுதக் கற்றுக்கொடு என்று தினமும் வந்து உயிரை எடுக்கிறாள்.

அந்தப் பெண் சொன்னதைப் பலமுறை படித்தேன். நீ நினைக்கிற மாதிரி அது எனக்குப் போதவில்லை. அவள் என் கையைப் பிடிக்கவில்லை, உன் கையைத்தான் பிடித்தாள். விசிலடித்த கூட்டம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது எதுவோ அது உனக்கு வேண்டியிருக்கிறது, உன்னிடம் இருப்பது எனக்கு. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஒருத்திக்குக் கொடுத்ததை இரண்டாக வெட்டி நம் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது.

புதுப் பாட்டு இருக்கிறது. உனக்காக எழுதவில்லை, உன் மேல் இருக்கிற ஆத்திரத்தில் எழுதினேன். முதல் இரண்டு சரணமும் ப்ரயாருக்கு எளிதாக வரும். மூன்றாவது சரணம் இது:

சனிக்கிழமை வந்தால் சன்னலை மூடுவேன்,
உன் சத்தம் உள்ளே வந்துவிடும் என்று.
மூடின சன்னலில் காதை வைப்பேன்,
ஓய்ந்துதான் போனதோ என்று.

இதைப் பாடி முடித்ததும் ப்ரயார் ஒதுங்கி நிற்பார், பிடில் வரவேண்டும். அந்த இடத்துக்கு நான் ஒரு ஸ்வரமும் எழுதவில்லை. அங்கே என்ன வாசிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கை சரியாக இருந்தால் நானே வாசித்திருப்பேன், உன்னைவிட நன்றாக.

சொல்லமாட்டேன். நீயே கண்டுபிடி.

ஜெல்லா